நாப்கினுக்கு வரியை எடுத்தால் மட்டும் போதுமா? எதைக் கேட்டு மனு போடுவது?

மழைக்குருவி:

எல்லோருக்கும் வணக்கம். நானும் தோழிகள் சிலரும் சேர்ந்து ஒரு கையெழுத்து இயக்கம் தொடங்கப் போகிறோம். நாப்கின், டாம்பான் (உடலுக்குள் வைக்கும் பஞ்சுச் சுருள்), மென்ஸ்ட்ருவல் கப் (உடலுக்குள் வைத்து ரத்தத்தைச் சேகரிக்கும் சின்னக் கிண்ணம்), துணி நாப்கின் என்று எது வேண்டுமோ அது எந்தப் பெண்ணுக்கும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும், முடியாதவர்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் எண்ணம். மனு எழுத உட்கார்ந்தவுடனே எங்களுக்குள் இரண்டு கட்சி ஆகிவிட்டது. வரியை ஒழியுங்கள் என்று ஒன்றை மட்டும் கேட்போம், ஒரு வரியில் சொன்னால்தான் ஜனங்கள் நின்று கையெழுத்துப் போடுவார்கள் என்கிறார்கள் சிலர். வரி போய் என்ன ஆகப்போகிறது, பள்ளிக்கூடம், கல்லூரி, வேலை செய்யும் இடம் எல்லாவற்றிலும் இலவசமாக வைக்கச் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்கிறார்கள் மற்றவர்கள்.

எனக்கு இரண்டிலும் நியாயம் தெரிகிறது. உலகம் முழுக்க மாதவிடாய் வருகிறவர்கள் 180 கோடிப் பேர் என்கிறது யூனிசெஃப். அதில் குறைந்தது 50 கோடிப் பேருக்குத் தேவையான பொருளும் வசதியும் இல்லை என்று உலக வங்கி சொல்கிறது. இந்த மாதம் கை காலியாக இருக்கிறது, அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக்கூடிய பொருளா இது? அதனால்தான் கேட்கிறேன், இதில் வேலை செய்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எதைக் கேட்டால் உண்மையிலேயே ஒரு பெண்ணின் கைக்குப் பொருள் போய்ச் சேரும்?


கணக்குப்பிள்ளை:

நான் வரிக் கணக்குப் பார்க்கிறவன், அதனால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். ஒரு விஷயத்தை முதலில் தெளிவு பண்ணிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மனுவை வாங்குகிற அதிகாரி முதல் கேள்வியிலேயே உங்களை மடக்கிவிடுவார். வரிவிலக்கு வேறு, பூஜ்ய வரி வேறு. நாப்கின் தயாரிக்கிறவர் மரக்கூழ் வாங்குகிறார், ஈரத்தை உறிஞ்சும் ஜெல் தூள் வாங்குகிறார், மேலே போடும் மெல்லிய ஷீட், அடியில் கசியாமல் இருக்கப் போடும் பிளாஸ்டிக், பசை, கவர் எல்லாம் வாங்குகிறார். அத்தனைக்கும் வரி கட்டித்தான் வாங்குகிறார். பூஜ்ய வரி என்றால் அப்படிக் கட்டியதைத் திரும்பப் பெறலாம். வரிவிலக்கு என்றால் பெற முடியாது. அது அடக்க விலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், கடைசியில் கொடுப்பது வாங்குகிற பெண்தான்.

இந்தியாவில் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நாப்கினுக்கு 12 சதவீதம் போட்டார்கள். வழக்கு, தெருவில் பிரச்சாரம், இணையத்தில் பிரச்சாரம் என்று ஒரு வருஷம் விடாமல் கேட்டதில் 2018 ஜூலையில் எடுத்தார்கள். ஆனால் வரிவிலக்காகத்தான் எடுத்தார்கள், மூலப்பொருளுக்குக் கட்டிய வரி கட்டியதுதான். தென்னாப்பிரிக்கா 2019 ஏப்ரலில் பூஜ்ய வரிப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. இலங்கையில் இறக்குமதி நாப்கினுக்கு எல்லா வரியும் சேர்ந்து 101.2 சதவீதம் இருந்தது, 2018இல் 62.6 ஆனது, 2022 அக்டோபரில் உள்நாட்டில் தயாரிக்கிறவர்கள் கொண்டுவரும் மூலப்பொருளின் மேல் இருந்த வரிகளையும் எடுத்தார்கள். மூலப்பொருள் வரை போய்க் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவையும் சொல்கிறேன்.

இன்னொன்று. எடுத்த வரி யார் பைக்குப் போகிறது என்று பார்க்காமல் விட்டால் மொத்தமும் வீண். பிரிட்டனில் 2021 ஜனவரி 1 முதல் டாம்பானுக்கு இருந்த 5 சதவீத வரி போனது. அடுத்த வருஷம் அங்கே அரசின் விலைப் புள்ளிவிவரங்களை வைத்து டாக்ஸ் பாலிசி அசோசியேட்ஸ் என்ற அமைப்பு ஆராய்ந்து பார்த்தால், விலை குறைந்தது 1 சதவீத அளவுக்குத்தான். மிச்சத்தைக் கடைகள் வைத்துக்கொண்டன. தான்சானியா கதை இன்னும் மோசம். 2018இல் வரியை எடுத்தார்கள், கடையில் விலை இறங்கவில்லை, இறங்கவில்லையே என்று சொல்லி 2019இல் வரியைத் திரும்பப் போட்டுவிட்டார்கள்! வியாபாரிகள் செய்ததற்குத் தண்டனை பெண்களுக்கு. அதனால் "வரியை எடுங்கள்" என்று எழுதுகிற அதே பத்தியில் "விலை இறங்கியதா என்று கண்காணியுங்கள்" என்பதும் இருக்க வேண்டும்.


ஓடைக்கரை:

கணக்குப்பிள்ளை சார் சொல்வது எல்லாம் சரி. ஆனாலும் வரிக்கு எதிரான கோரிக்கையை லேசாக எடை போடாதீர்கள். காசுக் கணக்கில் அது சின்ன மாற்றமாக இருக்கலாம். மாதவிடாயைப் பற்றி நாடாளுமன்றத்தில் ஆண்கள் வாய் திறந்து பேசியே ஆக வேண்டிய நிலையைப் பல நாடுகளில் கொண்டுவந்தது அந்தக் கோரிக்கைதான். கென்யா 2004இலேயே வரியை எடுத்தது, உலகத்திலேயே முதல் நாடு. கனடா 2015. ஆஸ்திரேலியாவில் 2000இல் வந்த 10 சதவீத வரி போக 2019 ஜனவரி ஆனது, அத்தனை வருஷமும் பெண்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிரிட்டனில் லாரா கோரிட்டன் என்ற மாணவி 2014இல் தொடங்கிய மனுவில் 3 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது.

ஜெர்மனியில் நடந்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அங்கே டாம்பானுக்கு 19 சதவீத வரி, புத்தகத்துக்கு 7 சதவீதம். 2019இல் ஒரு நிறுவனம் புத்தகம் ஒன்றை அச்சடித்து, அதற்குள் 15 டாம்பானை வைத்துப் புத்தகமாகவே விற்றது. நாடே பேசியது. 2020 ஜனவரியிலிருந்து டாம்பானுக்கும் 7 சதவீதம் ஆனது. ஆராய்ச்சிக் கட்டுரை படிக்காதவர்களுக்கும் இந்த அநியாயம் ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது, பாருங்கள். உங்கள் இயக்கத்துக்கும் இந்த மாதிரி ஒரே பார்வையில் புரிகிற ஒன்று வேண்டும். யோசித்து வையுங்கள்.


சாக்பீஸ்:

நான் பள்ளி ஆசிரியை. வரியைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் இலவசமாகக் கொடுத்தும் பிள்ளைகள் கைக்குப் போகாமல் இருப்பதைக் கண்ணால் பார்த்தவள், அதைத்தான் எழுத வந்தேன்.

நான் முன்பு வேலை பார்த்த பள்ளியில் நாப்கின் இருந்தது. இலவசம்தான். அலுவலக அறையில் இரும்பு பீரோவுக்குள் பூட்டி வைத்திருந்தார்கள், சாவி உதவியாளரிடம் இருக்கும். பிள்ளைக்குத் தேவைப்பட்டால் வகுப்பில் கையைத் தூக்க வேண்டும், பாடம் நடத்துகிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் எதற்குப் போகிறேன் என்று சொல்ல வேண்டும், வராந்தா முழுக்க நடந்து அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பதிவேட்டை எடுத்து நீட்டுவார்கள். பெயர், வகுப்பு, தேதி, கையெழுத்து. அதில் மேலே பார்த்தால் போன வாரம் யார் யார் வாங்கினார்கள் என்பதும் தெரியும். அத்தனைக்கும் பிறகு ஒன்றே ஒன்று கொடுப்பார்கள். சட்டைக் கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, ஸ்கர்ட்டின் பின்பக்கத்தை ஒரு கையால் பிடித்தபடியே அந்தப் பிள்ளை கழிப்பறைக்கு ஓடும்.

யார் போவார்கள் சொல்லுங்கள்? பெரும்பாலான பிள்ளைகள் போகவே இல்லை. வயிற்று வலி என்று சொல்லி வீட்டுக்குப் போய்விடுவார்கள், இல்லாவிட்டால் காலையில் போட்டு வந்ததையே சாயங்காலம் வரைக்கும் மாற்றாமல் இருப்பார்கள். வருஷக் கடைசியில் பீரோவைத் திறந்தால் பாக்கெட் அப்படியே அடுக்கியபடி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "தேவை குறைவாக உள்ளது" என்று அறிக்கை எழுதி, அடுத்த வருஷத்துக்குக் குறைத்துக் கேட்டார்கள். என்னால் இதைத் தாங்கவே முடியவில்லை. தேவை எங்கே குறைந்தது?

அதனால் என் கட்சி இதுதான். எந்தப் பிள்ளையும் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ள முடிகிற இடத்தில், கழிப்பறைக்குள்ளேயே, பூட்டு இல்லாமல் இருக்க வேண்டும். இதை எழுதாத மனு, இலவசத்தைப் பற்றி எவ்வளவு உருக்கமாக எழுதினாலும், திரும்பவும் ஒரு பீரோவில்தான் போய் முடியும்.


நேர்ப்பேச்சு:

எனக்கு ஒரு சந்தேகம், தப்பாக நினைக்காமல் பதில் சொல்லுங்கள். பூட்டு இல்லாமல் வைத்தால் ஆளுக்கு ஒரு பாக்கெட் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகமாட்டார்களா? வரிப்பணம்தானே இது. வசதி உள்ளவர்களுக்கும் சேர்த்து இலவசமாகக் கொடுப்பதற்குப் பதில், ஏழைப் பிள்ளைகளை மட்டும் கணக்கெடுத்துக் கொடுத்தால் பணம் மிச்சமாகுமே. அதே பணத்தில் அவர்களுக்கே இன்னும் அதிகமாகக் கொடுக்கலாம் அல்லவா?


சாக்பீஸ்:

நியாயமான கேள்விதான். இப்போது இருக்கும் பள்ளியில் பெண்கள் கழிப்பறைக்குள்ளேயே ஒரு திறந்த பெட்டி வைத்திருக்கிறோம். வைத்த புதிதில் அள்ளிக்கொண்டு போனார்கள், ஆமாம். வைத்த அன்றே காலி ஆனது. ஏன் எடுத்தார்கள் என்றால், நாளைக்கு இருக்காது என்ற பயம். நாங்கள் யாரையும் திட்டவில்லை, திரும்ப நிரப்பினோம், அதுவும் காலியானதும் மறுபடியும் நிரப்பினோம். எப்போது வந்தாலும் இருக்கும் என்று நம்பிக்கை வந்ததும் அள்ளுவது நின்றுவிட்டது. வீட்டுக்கு எடுத்துப் போகிற பிள்ளைகள் இப்போதும் உண்டு. அக்காவுக்கோ அம்மாவுக்கோ தேவைப்படுகிறது என்றால், பொருள் போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது, அதில் என்ன தப்பு?

ஏழைப் பிள்ளைகளை மட்டும் கணக்கெடுப்பது என்றால் மறுபடியும் பதிவேடு வந்துவிடும், பெட்டியிலிருந்து எடுக்கிறவள் ஏழை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்புறம் நிஜமாகவே இல்லாதவள்தான் முதலில் ஒதுங்குவாள். கழிப்பறையில் சோப்பு வைக்கிறோம், கை கழுவ வருகிறவர்களிடம் வருமானச் சான்றிதழ் கேட்கிறோமா?


இரவுப்பணி:

செவிலியராக இருக்கிறேன். மருத்துவப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

எவ்வளவு தேவைப்படும் என்பதை யாரோ ஒரு மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்து "மாதம் ஒரு பாக்கெட்" என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு சுழற்சியில் சராசரியாக 30 முதல் 40 மில்லி ரத்தம் போகும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஆனால் 80 மில்லிக்கு மேல் போகிறவர்கள் நிறையப் பேர். கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருப்பவர்கள், காப்பர்-டி போட்டவர்கள், மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்குகிறவர்கள், வயதுக்கு வந்த புதிதில் இருக்கும் பிள்ளைகள், இவர்களுக்கெல்லாம் போக்கு அதிகமாக இருப்பது சகஜம். பிரசவம் ஆனவர்களை எல்லோரும் மறந்தே போகிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு வாரக்கணக்கில் ரத்தப்போக்கு இருக்கும், சிலருக்கு ஆறு வாரம் வரைக்கும் போகும். கைக்குழந்தையோடு, வேலைக்குப் போக முடியாமல், வருமானமும் இல்லாத நேரத்தில்தான் அவளுக்கு இது மிக அதிகமாகத் தேவைப்படுகிறது. மனுவில் பள்ளி, கல்லூரியோடு பிரசவ வார்டையும் சேருங்கள்.

நாப்கினை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறோம். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், டீச்சர் சொன்ன பிரச்சினையின் அளவு புரியும். ஈரத்தோடு இருந்தே தொடையில் தோல் உரிந்து, நடக்க முடியாமல் வருகிற பெண்களைப் பார்க்கிறோம். டாம்பானை 8 மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது, அபூர்வமாக என்றாலும் உயிருக்கே ஆபத்தான நச்சு அதிர்ச்சி (கிருமிகளின் நச்சு ரத்தத்தில் கலப்பதால் வருவது) வரலாம்.

கப் பற்றி. நல்ல தரமான சிலிக்கான் கப் 10 வருஷம் வரை உழைக்கும். பணக் கணக்கில் அதை மிஞ்ச எதுவும் கிடையாது. 2019இல் லான்செட் குழுமத்தின் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வுத் தொகுப்பு, 43 ஆய்வுகளை எடுத்துப் பார்த்து, கப் பாதுகாப்பானது, பழகியவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் தொடர்ந்து பயன்படுத்த விரும்பினார்கள் என்று சொன்னது. ஆனால் கப்பைக் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும், கையைச் சுத்தமாகக் கழுவ வேண்டும், மாற்றும்போது கழிப்பறைக்குள்ளேயே தண்ணீர் வேண்டும். துணி நாப்கினும் நல்லதுதான், ஆனால் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயப் போட இடம் வேண்டும். பத்துப் பேர் ஒரே கழிப்பறையைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் இருப்பவளிடம் "கப் வாங்கிக்கோம்மா, மிச்சமாகும்" என்று அறிவுரை சொல்வது கொடுமை. எதைக் கொடுப்பது என்பதை அரசு முடிவு பண்ணக்கூடாது, இரண்டு மூன்று வகை வைத்து அவளே எடுத்துக்கொள்ளட்டும்.


தையல்மிஷின்:

டீச்சர் எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் துணி ஆலையில் தைக்கிறேன். எங்களுக்கும் அதே கதைதான், பீரோவுக்குப் பதில் டோக்கன். ஒரு லைனுக்கு ஒரு டோக்கன். அதைக் கையில் வைத்திருப்பவள்தான் கழிப்பறைக்குப் போகலாம், அவள் திரும்பி வந்து கொடுத்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். மணிக்கு இத்தனை பீஸ் முடிக்க வேண்டும் என்று டார்கெட் இருக்கிறது. பீரியட்ஸ் நாளில் இரண்டாவது தடவை டோக்கன் கேட்டால் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேட்பார், "இப்பத்தானே போனே?" அவரிடம் என்ன சொல்வது? தண்ணீர் குடித்தால் போக வேண்டி வரும் என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்களுக்கு நாப்கின் இலவசமாகக் கொடுத்தாலும் மாற்றுவதற்கு நேரம் கொடுக்காவிட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதையும் எழுதுங்கள் தங்கச்சி. வேலை செய்யும் இடத்தில் கேட்காமல் எழுந்து போக உரிமை வேண்டும். அதற்குக் கூலியில் பிடிக்கக்கூடாது.


நடுவரிசை:

ஆண் நான். இந்த இழையை மேலிருந்து கீழே படித்துவிட்டு, எங்கள் அலுவலகத்தில் என்ன ஏற்பாடு இருக்கிறது என்று நிர்வாகப் பிரிவில் கேட்டேன். "பெண்கள் யாரும் கேட்டதில்லையே" என்றார்கள். இதே பதில்தான் எல்லா இடத்திலும் வருமோ?


ஓடைக்கரை:

வரும் சகோ. அதற்குத்தான் சட்டம் வேண்டும் என்கிறேன், கேட்டால் கொடுப்பது என்ற ஏற்பாட்டையே மாற்ற வேண்டும்.

ஸ்காட்லாந்தில் மோனிகா லெனன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதா 2020 நவம்பரில் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறி, 2022 ஆகஸ்ட் 15 முதல் முழுதாக அமலுக்கு வந்தது. தேவைப்படுகிற யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது உள்ளாட்சி அமைப்பின் கடமை, கல்வி நிலையத்தின் கடமை என்று எழுதிவிட்டார்கள். பெண் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. வகைகளில் தேர்ந்தெடுக்க இடம் இருக்க வேண்டும், எடுக்கிறவரின் மானம் காக்கப்பட வேண்டும் என்பதெல்லாம் சட்டத்துக்குள்ளேயே வருகிறது. கென்யா 2017இல் கல்விச் சட்டத்தைத் திருத்தி, வயதுக்கு வந்த ஒவ்வொரு மாணவிக்கும் போதிய நாப்கினை இலவசமாகக் கொடுப்பது அரசின் பொறுப்பு என்றது. நியூசிலாந்து 2021இல் இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை எல்லாப் பள்ளிகளுக்கும் விரிவாக்கியது. நியூயார்க் நகரம் 2016இல் போட்ட சட்டத்தில் அரசுப் பள்ளிகளோடு தங்கும் விடுதிகளும் சிறைகளும் இருந்தன. சிறையில் இருக்கும் பெண் காவலரிடம் கேட்டுத்தானே வாங்க வேண்டும்! கேட்டு வாங்குவது எவ்வளவு கொடுமையாக மாற முடியும் என்பதற்கு அதைவிட வேறு இடம் வேண்டியதில்லை. அமெரிக்க மத்தியச் சிறைகளில் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டமாக 2018 டிசம்பர் ஆனது.

சட்டம் இல்லாமல் வெறும் வாக்குறுதியாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உகாண்டாவைப் பாருங்கள். 2016 தேர்தலில் மாணவிகளுக்கு இலவச நாப்கின் என்று வாக்குக் கொடுத்தார் அதிபர். தேர்தல் முடிந்து, 2017இல் பணம் இல்லை என்று கைவிரித்தார் கல்வி அமைச்சர், அவர் அதிபரின் மனைவியே. ஸ்டெல்லா நியான்சி என்ற ஆய்வாளர் பொதுமக்களிடம் பணம் திரட்டித் தானே மாணவிகளுக்கு நாப்கின் கொடுக்கத் தொடங்கினார், அதிபரையும் அவர் மனைவியையும் கடுமையாகத் திட்டி ஃபேஸ்புக்கில் எழுதினார். பிடித்து உள்ளே வைத்தார்கள், ஒரு மாதத்துக்கும் மேல் இருந்துவிட்டுத்தான் ஜாமீனில் வந்தார். மேடையில் கொடுக்கிற வாக்குறுதியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள். யாருடைய கடமை, எந்தத் தலைப்பில் நிதி, எப்போதிலிருந்து, இந்த மூன்றும் காகிதத்தில் வேண்டும்.


பஞ்சுமூட்டை:

நாங்கள் மகளிர் குழுவாகச் சேர்ந்து நாப்கின் தயாரிக்கிறோம். கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்ன மூலப்பொருள் வரி எங்களைத்தான் முதலில் அடிக்கிறது. பெரிய கம்பெனி மரக்கூழைக் கப்பல் கணக்கில் வாங்கும், விலை பேசும். நாங்கள் வாங்குவது சில்லறை, சொன்ன விலைதான், அதற்கு மேல் வரி, அதைத் திரும்ப வாங்கவும் வழியில்லை. அப்புறம் விளம்பரத்தில் வருகிற பேடை விட எங்கள் பேட் எப்படி மலிவாக இருக்கும்?

அருணாசலம் முருகானந்தம் நாப்கின் செய்யும் சின்ன இயந்திரத்தைக் கண்டுபிடித்தபோது அவர் உடைத்துப் பார்த்த ரகசியமே மூலப்பொருள்தான். பஞ்சை வைத்து என்னென்னவோ செய்து பார்த்தும் நிற்கவில்லை, கம்பெனிகள் போடுவது பஞ்சு இல்லை, மரத்திலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் நார் என்று தெரிந்த பிறகுதான் வேலை நடந்தது. கோடிக்கணக்கில் விலை இருந்த இயந்திரத்தின் வேலையைச் சாதாரணக் குழுவும் வாங்கக்கூடிய அளவுக்கு இறக்கிக் கொடுத்தார். இயந்திரம் வந்துவிட்டது, அதில் போடுகிற பொருளுக்கு வழி வேண்டும். அரசு பள்ளிகளுக்கு வாங்கும்போது ஒரு பங்கையாவது எங்களைப் போன்ற குழுக்களிடம் வாங்க வேண்டும் என்றும் எழுதுங்கள். தரத்தைச் சோதித்துவிட்டே வாங்கட்டும், நாங்கள் பயப்படவில்லை.


இரவுப்பணி:

குப்பையை யாரும் சொல்லவில்லை. பயன்படுத்தியதை எங்கே போடுவது? உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, பெண்கள் கழிப்பறையில் இதற்கென்று மூடி போட்ட தொட்டியோ கூடையோ இருக்கும் பள்ளிகள் உலக அளவில் 31 சதவீதம்தான். தொட்டி இல்லாத இடத்தில் பிள்ளை அதைப் பையில் வைத்துச் சாயங்காலம் வரைக்கும் சுமக்கிறாள், அல்லது கழிப்பறைக்குள்ளேயே போட்டு அடைத்துக்கொள்கிறது. அதை வெறுங்கையால் எடுக்கிறவரும் பெரும்பாலும் ஒரு பெண் துப்புரவுப் பணியாளர்தான். சின்ன எரிப்பான் பெட்டி வாங்கி மாட்டுவது தீர்வு என்று நினைக்காதீர்கள், நாப்கினில் பிளாஸ்டிக்கும் இருக்கிறது, போதிய சூடு இல்லாமல் எரித்தால் நச்சுப் புகை அந்தக் கட்டடத்துக்குள்ளேயே சுற்றும். இந்தியாவின் 2016 திடக்கழிவு விதிகளில் நாப்கினைச் சுற்றிப் போட உறையைத் தயாரிப்பாளரே கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்த மாதிரிப் பொறுப்பை நிறுவனங்களின் தலையில் வைக்கக் கேளுங்கள். பணியாளருக்குக் கையுறையும் கேளுங்கள்.


மழைக்குருவி:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, ரொம்ப நன்றி. தோழிகளோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தோம், இரண்டு கட்சியும் ஒன்றாகிவிட்டது. மனுவின் தலையில் ஒரே வரிதான் இருக்கப் போகிறது: "கேட்காமல் கிடைக்க வேண்டும்." ஒரு வரியில் சொன்னால்தான் கையெழுத்து விழும் என்றவர்களுக்கும் இது சரியாகப் போனது.

அதற்குக் கீழே வருவது இப்படி. பள்ளி, கல்லூரி, பிரசவ வார்டு, விடுதி, சிறை எல்லாவற்றிலும் கழிப்பறைக்கு உள்ளேயே, பூட்டும் பதிவேடும் இல்லாமல், குறைந்தது இரண்டு வகைப் பொருள் எப்போதும் இருக்க வேண்டும், இதை அந்தந்த நிறுவனத்தின் சட்டக் கடமையாக்கி பட்ஜெட்டில் தனித் தலைப்பில் நிதி ஒதுக்க வேண்டும். வேலை செய்யும் இடங்களிலும் அதே ஏற்பாடு, கூடவே கூலிப் பிடித்தம் இல்லாமல் மாற்றிக்கொள்ள நேரம். தண்ணீரும் மூடி போட்ட தொட்டியும் இல்லாத கழிப்பறையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கடையில் விற்பதற்கு மூலப்பொருள் வரை வரி நீக்கம், நீக்கிய பிறகு விலை இறங்கியதா என்று வருஷாவருஷம் வெளிப்படையான அறிக்கை. கொள்முதலில் மகளிர் குழுக்களுக்கு ஒரு பங்கு.

தையல்மிஷின் அக்கா, டோக்கன் விஷயத்தை உங்கள் ஆலை என்று தெரியாதபடி எழுதிச் சேர்க்கலாமா? உங்களுக்கு ஒரு தொந்தரவும் வரக்கூடாது. வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறோம்.


தையல்மிஷின்:

தாராளமாகச் சேருங்கள். எங்கள் லைனில் கையெழுத்து வாங்க முடியாது, பார்த்தால் வேலை போய்விடும். ஆனால் விடுதியில் வாங்கித் தருகிறேன். ஒரு யோசனை, பெயர் முழுதாக எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். முதல் எழுத்தும் வயதும் போதும் என்றால் நிறையப் பேர் போடுவார்கள்.


நேர்ப்பேச்சு:

டீச்சர் சொன்ன பதில் எனக்குப் போதும். நானும் போடுகிறேன். கணக்கெடுத்துக் கொடுக்க ஆகும் செலவு, காகிதம், ஆள், நேரம், இதையும் ஒரு வரி சேருங்கள். என்னைப் போலப் பணக் கணக்கிலேயே யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அதுதான் உறைக்கும்.


சாக்பீஸ்:

"எப்போதும் இருக்க வேண்டும்" என்பதோடு யார் நிரப்புவது என்பதையும் எழுதிவிடுங்கள். எங்கள் பள்ளியில் பொறுப்பு ஒருவருக்கு என்று போட்ட பிறகுதான் பெட்டி காலியாக நிற்பது நின்றது. மாணவிகள் தலையில் அதைக் கட்டாதீர்கள், படிக்க வந்த பிள்ளைகள் அவர்கள். நிரப்புகிறவருக்கு அது வேலை நேரத்துக்குள் வருகிற வேலையாக இருக்க வேண்டும்.


நடுவரிசை:

எங்கள் அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கொடுத்தால் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மனுவின் வேலை செய்யும் இடம் பற்றிய பகுதியை அப்படியே எடுத்துக் கொடுக்கலாமா? கழிப்பறைக்கு உள்ளே, பதிவேடு இல்லாமல் என்ற சொற்களை மாற்றமாட்டேன். கூட வேலை செய்யும் பெண்கள் மூன்று பேர் வரைவைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பச் சொன்னார்கள்.


மழைக்குருவி:

கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எங்கள் பெயர்கூட வேண்டாம்.


கணக்குப்பிள்ளை:

வரிப் பத்தியை என்னிடம் ஒருமுறை அனுப்புங்கள், சரி பார்த்துத் தருகிறேன். பட்ஜெட் தாக்கலாகும் வாரத்தில் கொண்டுபோய்க் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை, அதற்குள் எல்லாம் அச்சுக்குப் போயிருக்கும். துறைகள் தங்கள் தேவையை எழுதி அனுப்புவது அதற்குச் சில மாதம் முன்னாலேயே நடந்துவிடும், அந்தச் சமயத்தில் மேஜையில் இருக்க வேண்டும். நிதித்துறைக்கு ஒன்று, கல்விக்கு ஒன்று, சுகாதாரத்துக்கு ஒன்று, தொழிலாளர் துறைக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுங்கள். ஒன்றாகக் கொடுத்தால் இது எங்கள் துறை இல்லை என்று ஆளுக்கு ஆள் தள்ளிவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.